பதினேழு கட்டம் போதும்: மியூசிக் வீடியோ கனவோடு வரும் தம்பி தங்கைகளுக்கு

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இன்றைக்குப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. ராப் எழுதுகிற பையன்கள் இருக்கிறார்கள், கானா பாடுகிறவர்கள் இருக்கிறார்கள், பாட்டு கிளாஸ் முடித்துவிட்டு கிடாரோடு உட்காருகிற பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். பாட்டு தயாரானதும் எல்லோருக்கும் ஒரே கவலை: வீடியோவுக்கு யார் காசு போடுவார்கள்? காசு போடக்கூடியவர் பெரும்பாலும் அந்தேரியிலோ பாந்த்ராவிலோ ஏசி அறையில் இருப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது. உன் வரியில் இருக்கும் திருநெல்வேலிக் குசும்பு அவர் காதில் ஏறாது. அவருக்குப் புரியப்போவது நீ கையில் கொண்டுபோகிற படங்கள் மட்டும்தான். படம் போட்டே வயதான ஒருவன் அந்தப் படங்களைப் பற்றிச் சொல்கிற அறிவுரைகள் இவை. பிடித்ததை எடுத்துக்கொள், பிடிக்காததை விட்டுவிடு.

1. "எனக்கு வரைய வராது" என்று ஆரம்பிக்காதே.

கதையைக் கட்டம் கட்டமாக வரைந்த அந்தப் படங்களுக்குப் பெயர்தான் ஸ்டோரிபோர்டு. அது ஓவியக் கண்காட்சிக்குப் போவதில்லை. தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஒரு கோடு, கைகாலுக்கு நாலு கோடு போதும். கட்டத்துக்குள் யார் இருக்கிறார், எவ்வளவு பெரிதாகத் தெரிகிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார், கேமரா எங்கே நிற்கிறது: இந்த நாலும் தெரிந்தால் அது நல்ல போர்டு. 1930-களில் வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோவில்தான் படங்களைத் தனித்தனித் தாளில் வரைந்து சுவரில் வரிசையாகக் குத்திவைக்கும் வழக்கம் முறையாக வந்தது. தனித்தாளில் வரைந்ததன் லாபம், பிடிக்காததைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைக் குத்தலாம். உனக்கும் அதே லாபம்தான். பென்சிலில் போடு. கிழித்துப்போட மனசு வராத அளவுக்கு எந்தப் படத்தையும் அழகாக்காதே.

2. பென்சிலைத் தொடும் முன் பாட்டை எண்ணு.

மியூசிக் வீடியோவுக்கு நீளம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, அதைப் பாட்டே முடிவு செய்துவிட்டது. உன் பீட் நிமிஷத்துக்கு 90 என்று வைத்துக்கொள். நாலு தட்டு ஒரு பார். ஒரு பாருக்கு 2.67 விநாடி. பதினாறு பார் வெர்ஸ் ஏறக்குறைய 43 விநாடி. எட்டு பார் ஹூக் 21 விநாடி. தொடக்கம் 4, வெர்ஸ் 16, ஹூக் 8, இரண்டாம் வெர்ஸ் 16, ஹூக் 8, பிரிட்ஜ் 8, கடைசி ஹூக் 8 என்றால் மொத்தம் 68 பார், 3 நிமிஷம் 1 விநாடி.

நாலு பாருக்கு ஒரு கட்டம் என்று வகுத்தால் 17 கட்டம் வரும். காசு கேட்கப்போகும்போது அவ்வளவே போதும். படப்பிடிப்புக்கு முந்தைய நாள் கேமராக்காரரோடு உட்கார்ந்து அறுபது எழுபது ஷாட் வரைய வேண்டி வரலாம். அது வேறு வேலை, வேறு நாள். முதல் சந்திப்புக்கே நூறு கட்டம் கொண்டுபோனால், எதிரில் இருப்பவர் பத்தாவது கட்டத்தில் போனை எடுத்துவிடுவார்.

3. யோசனையை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பார்.

"ஃபீல் நல்லா இருக்கும் சார்" என்பது யோசனை ஆகாது. ஒரு ஆள் வேண்டும், அவருக்கு ஒரு ஆசையோ சங்கடமோ வேண்டும், பாட்டு முடியும்போது ஏதாவது மாறியிருக்க வேண்டும். தாராவித் தமிழ் வீடுகளில் விடியுமுன் இட்லி அவித்து, சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனைப் பாம் பாம் என்று அழுத்தியபடி பம்பாய் முழுக்க விற்கப் போகிறார்களே, அதை எடுத்துக்கொள்வோம். "அப்பாவின் இட்லி சைக்கிள் ஹாரனுக்கு வெட்கப்பட்ட பையன், கடைசியில் அதே ஹாரனைத் தன் பாட்டின் தாளமாக்குகிறான்." ஆள் இருக்கிறான், சங்கடம் இருக்கிறது, மாற்றம் இருக்கிறது. தமிழ் தெரியாதவருக்கும் புரிகிறது. இந்த வாக்கியம் கிடைக்கும் வரை கட்டம் போடாதே.

4. பிறகு அந்த வாக்கியத்தைக் கட்டங்களில் பரப்பு.

மேலே சொன்ன கதையையே போட்டுக் காட்டுகிறேன்.

கட்டம் 1, தொடக்கம்: இருட்டு, ஆவி, இட்லித் தட்டைத் தூக்கும் கை மட்டும். முகம் இல்லை.

கட்டம் 2 முதல் 5, முதல் வெர்ஸ், 11-ஆம் விநாடியிலிருந்து 53 வரை: மேலிருந்து பார்த்த ஒற்றையடிச் சந்தில் சைக்கிள் நெளிந்து வெளியே வருகிறது. பரணில் படுத்திருக்கும் பையன் ஹாரன் சத்தம் கேட்டுப் போர்வையை இழுத்து மூடுகிறான். ஹாரனை அழுத்தும் கை. 90 அடி ரோட்டின் வைடு ஷாட், அதில் சைக்கிள் சிறு புள்ளி.

6, 7, ஹூக்: காலேஜ் வாசலில் நண்பர்களோடு பையன், தூரத்தில் அப்பா. பையன் முகம் குளோஸ்-அப்பில் திரும்பிக்கொள்கிறது.

8 முதல் 11, இரண்டாம் வெர்ஸ்: மாட்டுங்கா பூக்கடைகளுக்கு நடுவே அப்பா. ஹாரனின் ரப்பர் கிழிந்துபோய்ச் சத்தம் வரவில்லை. அப்பா வாயால் கூவிப் பார்க்கிறார், யாரும் திரும்பவில்லை. ராத்திரி, கிழிந்த ஹாரன் பையன் கையில்.

12, 13, ஹூக்: சைக்கிள் டியூப் துண்டை வைத்து ஒட்டுகிறான். போனில் அந்தச் சத்தத்தைப் பதிகிறான்.

14, 15, பிரிட்ஜ்: பீட் நிற்கிறது, ஹாரன் மட்டும். ரப்பர் சுருங்குவது, விரிவது.

16, 17, கடைசி ஹூக்: அப்பாவின் சைக்கிளைப் பையன் தள்ளிக்கொண்டு சந்திலிருந்து வெளியே வருகிறான். ரோடு முழுக்க இட்லிக்காரர்கள், எல்லோர் கையும் ஹாரனில்.

இதில் ஒரு வரிகூட வசனம் இல்லை, கவனித்தாயா? பாட்டு நின்றுபோகும் பிரிட்ஜில்தான் கதையின் பொருளும் தனியாக நிற்கிறது. பாட்டு எங்கே மாறுகிறதோ அங்கே படமும் மாற வேண்டும்.

5. வரியை அப்படியே வரையாதே.

வரியில் மழை என்றால் மழை, ரத்தம் என்றால் ரத்தம், அம்மா என்றால் அம்மா முகம் என்று போட்டால், காது கேட்டதையே கண்ணும் பார்க்கும். மூணு நிமிஷம் தாங்காது. வரி ஒன்றைச் சொல்லட்டும், படம் அதற்குப் பக்கத்தில் இருப்பதைக் காட்டட்டும். ஹூக் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் இந்தக் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். வரி அதேதான், படம் ஒவ்வொரு தடவையும் ஒரு படி ஏற வேண்டும்.

6. தாளை ஒழுங்காக வகு.

ஏ4 தாளை நிமிர்த்தி வைத்து, பக்கத்துக்கு ஆறு கட்டம் போடு. ஒவ்வொன்றும் 8 சென்டிமீட்டர் அகலம், 4.5 உயரம். அதுதான் 16:9 அளவு. மூணு தாளில் 18 கட்டம் அடங்கும். மிஞ்சும் ஒன்றில் பாட்டின் பெயரும் பாடகர் பெயரும்.

ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் 2.5 சென்டிமீட்டர் அகலத்துக்கு இரண்டு மெல்லிய செங்குத்துக் கோடு போடு. ரீல்ஸுக்கு 9:16-ஆக வெட்டினால் மிஞ்சுவது அந்தப் பட்டைதான். முக்கியமான முகமும் கையும் அதற்குள் இருக்கிறதா பார். லேபிள்காரர் நிச்சயம் கேட்கிற கேள்விக்குத் தாளே பதில் சொல்லிவிடும்.

கட்டத்துக்குக் கீழே நாலே விஷயம் எழுது: எண், பாட்டில் எத்தனையாவது விநாடி, இடம், என்ன நடக்கிறது. பாட்டு வரியை எழுதினால் பக்கத்திலேயே ஹிந்தியிலோ இங்கிலீஷிலோ பொருள் எழுதிவிடு.

7. அம்புக்குறிக்கு ஒரு விதி வைத்துக்கொள்.

ஆள் நகர்ந்தால் அம்பு கட்டத்துக்குள்ளே, கேமரா நகர்ந்தால் அம்பு கட்டத்துக்கு வெளியே. இரண்டையும் குழப்பினால் செட்டில் டிராலி போடுகிறவர் ஒரு பக்கமும் நடிகர் ஒரு பக்கமும் போவார்கள். சைக்கிள் ஒரு கட்டத்தில் இடமிருந்து வலம் போனால் அடுத்ததிலும் இடமிருந்து வலமே போகட்டும். திசை மாறினால் அப்பா வீட்டுக்குத் திரும்புகிறார் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார்.

பாடுகிறவர் உதடு அசைகிற ஸ்லோ மோஷன் ஷாட் இருந்தால் அதையும் கீழே குறி. பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பாடச் சொல்லி, விநாடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து, 25-இல் ஓட்டினால் உடம்பு மெதுவாக அசையும், உதடு பாட்டோடு ஒட்டும். இதை முன்கூட்டியே எழுதி வைத்தவனைப் பார்த்தால் எதிரில் இருப்பவருக்குத் தொழில் தெரிந்தவன் என்று நம்பிக்கை வரும்.

8. வரையும் முன் இடத்துக்குப் போய் நில்.

'நாயகன்' படத்துக்காகத் தோட்டா தரணி தாராவியைச் சென்னையில் செட்டாகப் போட்டார். 1987-இல் வந்த அந்தப் படத்தின் கலை இயக்கத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. 2018-இல் வந்த 'காலா'வுக்கும் பெரும்பகுதி தாராவியைச் சென்னையில்தான் கட்டினார்கள். கோடிக்கணக்கில் கொட்டிக் கட்டியதன் அசல் உன் வாசலில் இருக்கிறது. அதைப் போய்ப் பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்து மனசிலிருந்து வரைவது பாவம்.

போனை எடுத்துக்கொண்டு போ. பாட்டை ஓடவிட்டு, எடுக்க நினைக்கும் அதே நேரத்தில் அதே இடத்தில் நில். குறுகலான சந்தில் வெயில் தரையைத் தொடுவது உச்சிப்பொழுதில் கொஞ்ச நேரம்தான். மற்ற நேரமெல்லாம் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம். மாட்டுங்கா பூக்கடைகளில் காலை நிறம் வேறு, சாயங்காலக் கூட்டம் வேறு. செடா நகர் முருகன் கோயில் படிக்கட்டில் எடுக்கும் ஷாட்டைக் கிருத்திகை அன்றைக்குப் போட்டு வைக்காதே. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை. மே கடைசியிலேயே கூரைகளெல்லாம் நீலத் தார்ப்பாய் போர்த்திக்கொள்ளும். நீலம் உன் கதைக்கு ஒத்துவருமானால் மழைக்காலத்திலேயே எடு. ஒத்துவராது என்றால் நவம்பருக்குத் தள்ளு. வரையவே வராது என்றால் இப்படி எடுத்த போட்டோக்களையே கட்டத்தில் ஒட்டு. நண்பனை நிற்கவைத்து எடுத்த போட்டோவும் ஸ்டோரிபோர்டுதான்.

9. அனுமதி வாங்க முடியாததை வரையாதே.

ரயில்வே பிளாட்பாரத்தில் ஒரு ஷாட் என்று சுலபமாகப் போட்டுவிடுவாய். மாட்டுங்காவும் செம்பூரும் மத்திய ரயில்வே, மாட்டுங்கா ரோடு மேற்கு ரயில்வே. ஒன்றுக்கு சிஎஸ்எம்டியில் கேட்க வேண்டும், இன்னொன்றுக்குச் சர்ச்கேட்டில். கட்டணமும் உண்டு, காத்திருப்பும் உண்டு. ட்ரோன் ஷாட் எல்லோருக்கும் ஆசை. ஆனால் விமான நிலையம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகள் இருக்கின்றன, போலீஸ் தடையாணையும் அடிக்கடி வரும். பக்கத்து மாடியிலிருந்து எடுத்தால் அந்தக் கட்டத்தின் பொருள் குறையுமா என்று பார். பெரும்பாலும் குறையாது.

இடங்களின் எண்ணிக்கையையும் போர்டிலேயே எண்ணு. ஒரு ஷிஃப்ட்டில் மூணு இடம் எடுப்பதே பெரிசு. செம்பூரிலிருந்து தாராவிக்கு டெம்போவில் சாமான் ஏற்றிப் போவதற்குள் சயன் சிக்னல் உன் சாயங்கால வெளிச்சத்தைத் தின்றுவிடும். தெருவில் இருக்கும் முகங்களுக்கும் அனுமதி வேண்டும். தோல் பட்டறையில் வேலை செய்கிறவரை, குழாயடியில் நிற்கிற அக்காவைக் கேட்காமல் எடுக்காதே. நாளைக்கும் அவர்கள் முகத்தில்தான் நீ விழிக்க வேண்டும்.

10. வெளியூர்க்காரர் எடுத்த தாராவியைத் திரும்ப எடுக்காதே.

சாக்கடை, குப்பை, தகரக்கூரை, சிரிக்கும் குழந்தை: இந்த நாலு கட்டமும் காசு போடுகிறவர் மனசில் ஏற்கெனவே இருக்கிறது. அதையே கொண்டுபோனால் தலையாட்டுவார், மறுநாள் உன்னை மறந்துவிடுவார். தாராவியின் செவன் பான்டாய்ஸ், டோப்பாடெலிக்ஸ் குழுக்கள் தங்கள் தெருப் பேச்சிலேயே ராப் செய்து பெயர் வாங்கினார்கள். டோப்பாடெலிக்ஸின் குரல் 'காலா' பாட்டுகளில் இருக்கிறது. குர்லாவின் நேசி 2014-இல் 'ஆஃபத்' பாட்டை ஐபேடிலேயே பதிந்து, ஐபேடிலேயே படமும் எடுத்தான். இவர்கள் யாரும் தங்கள் தெருவை அடுத்தவர் கண்ணால் பார்க்கவில்லை. உனக்கு மட்டும் தெரிந்த ஒன்று உன் சந்தில் இருக்கும். இட்லிக்காரர் ஹாரன் எனக்குத் தெரிந்தது. உனக்குத் தெரிந்ததைக் கொண்டு வா.

11. ஏஐ படத்தைக் கொண்டுபோய் நீட்டாதே.

"மும்பை ஸ்லம், சினிமாட்டிக்" என்று தட்டினால் அது பளபளவென்று ஒரு தெருவைத் தரும். அப்படி ஒரு தெரு தாராவியில் இல்லை, கடைப்பலகையில் இருக்கும் எழுத்து எந்த மொழியிலும் இல்லை. அதைப் பார்த்துக் காசு போட்டவர் அந்தப் பளபளப்பைத்தான் எதிர்பார்ப்பார். உன் பட்ஜெட்டில் எடுத்த வீடியோவைக் காட்டும்போது முகம் சுளிப்பார். கோட்டுப்படம் யாருக்கும் பொய் வாக்குக் கொடுப்பதில்லை.

12. கட்டங்களைப் பாட்டோடு ஓட்டிப் பார்.

பதினேழு படங்களையும் போனில் எடுத்து, எடிட்டிங் ஆப்பில் பாட்டின் மேல் அந்தந்த விநாடியில் வைத்து ஓட்டு. அனிமாட்டிக் என்பது அவ்வளவுதான். சாயங்காலத்தில் முடிகிற வேலை. தாளில் நன்றாக இருந்த கட்டம் பதினொரு விநாடி நின்றால் அலுக்கும், அங்கே இன்னொரு கட்டம் வேண்டும். இன்னோரிடத்தில் மூணு கட்டம் ஒன்றையே சொல்லும், இரண்டைத் தூக்கு. மியூசிக் வீடியோவுக்கு இதைவிட நல்ல பரீட்சை கிடையாது. இதைச் செய்யாமல் யாரிடமும் போகாதே.

13. காட்டும்போது வாயை மூடு.

முதலில் அந்த ஒற்றை வாக்கியம். அடுத்து அனிமாட்டிக்கை ஒரு தடவை ஓட்டு. ஓடும்போது "சார், இங்க என்னன்னா..." என்று விளக்காதே. முடிந்ததும் தாளை அவர் கையில் கொடு. அவர் எந்தக் கட்டத்துக்குத் திரும்பிப் போகிறார் என்று பார். அது பிடித்ததாலும் இருக்கலாம், புரியாததாலும் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள். கையோடு ஒரு பக்கத்தில் இடங்கள், ஆட்கள், ஷிஃப்ட், செலவு. பிறகு எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்பு. போனில் திறந்தால் கட்டத்தின் எண் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

14. மறுத்தால் தாளைக் கிழிக்காதே.

சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'க்கு முறையான திரைக்கதைப் பிரதி வைத்திருக்கவில்லை. படம் படமாக வரைந்த ஒரு நோட்டைத்தான் தயாரிப்பாளர்களிடம் கொண்டுபோனார். அவர்கள் கைவிரித்தார்கள். சொந்தக் காசைப் போட்டு எடுக்கத் தொடங்கி, கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்து, 1955-இல் படம் வந்தது. நமக்கு இன்னும் நெருங்கிய கதை ஒன்றும் உண்டு. 1950-களின் தொடக்கத்தில் ரவிசங்கரின் சிதார் வாசிப்பைப் பற்றி ஒரு குறும்படத்துக்கு ராய் கட்டம் கட்டமாக வரைந்து வைத்தார். இசைக்குப் படம் போடுகிற வேலைதான் அதுவும். அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. வரைந்த தாள்கள் மட்டும் 2014-இல் புத்தகமாக வந்தன. நல்ல போர்டு கையில் இருந்தால் காசு கட்டாயம் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். போர்டு இருந்தால் காசு வருகிற நாளில் நீ தயாராக இருப்பாய்.

15. தேதி போட்டுப் பத்திரப்படுத்து.

1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் வெறும் யோசனையைக் காப்பாற்றாது. வரைந்த படத்தையும் எழுதிய எழுத்தையும்தான் காப்பாற்றும். அதனால் வாய்ப்பேச்சாக மட்டும் யோசனையைச் சொல்லிவிட்டு வராதே. தாளில் பெயரும் தேதியும் போட்டு, மின்னஞ்சலில் அனுப்பி, அனுப்பியதற்குச் சாட்சி வைத்துக்கொள். அந்தேரியில் இருக்கும் ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷனில் உறுப்பினரானால் பாட்டையும் கதைச் சுருக்கத்தையும் ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம். பாட்டின் உரிமை யாருடையது என்பதையும், இசை போட்ட நண்பனோடு முன்கூட்டியே எழுத்தில் முடித்துவிடு. நட்பு நன்றாக இருக்கும்போதே முடிக்க வேண்டிய காரியம் அது.

படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே. வரும் ஞாயிற்றுக்கிழமை மூணு ஏ4 தாளும் ஒரு பென்சிலும் எடு. உன் பாட்டுக்குக் கட்டங்களைப் போட்டு முடி. பிறகு தமிழ் தெரியாத ஒருவரிடம், பக்கத்து வீட்டு மராட்டி அக்காவோ டீக்கடை பையாவோ யாராக இருந்தாலும் சரி, ஒரு வார்த்தை பேசாமல் தாளைக் காட்டு. கதையை அவர் உனக்குத் திருப்பிச் சொல்லிவிட்டால் அந்தேரிக்கு டிக்கெட் எடு. எந்தக் கட்டத்தில் திக்குகிறாரோ, அதை மட்டும் திரும்ப வரை.